கேட்டலினா கப்பலை யாரும் காப்பாற்றவில்லை

கலிஃபோர்னியாவின் கேட்டலினா நீராவிக் கப்பலுக்கு நேர்ந்த கதியை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சூயிங்கம் வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்த வில்லியம் ரிக்லி, 1919-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு எதிரே கடலில் இருக்கும் சாண்டா கேட்டலினா தீவை வாங்கினார். தீவுக்கு ஆள் வரவேண்டுமே, அதற்காக 1924-இல் சுமார் 10 லட்சம் டாலர் செலவில் கட்டியதுதான் இந்த வெள்ளைக் கப்பல். 300 அடி நீளம், ஒரே நடையில் ஏறத்தாழ 2,000 பேர் போகலாம். லீவு நாளில் பிள்ளைகுட்டிகளோடு கிளம்புகிற சாதாரண ஜனங்கள்தான் இதில் ஏறினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம், மேல்தளத்தில் வாத்தியக் குழு வாசிக்க, ஆடிக்கொண்டே போவார்கள். அவலான் துறையை நெருங்கியதும் பயணிகள் காசுகளைத் தண்ணீரில் வீசுவார்கள். உள்ளூர்ப் பையன்கள் முங்கி எடுத்து, வைக்க வேறு இடமில்லாததால் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு அடுத்த காசுக்கு மறுபடி முங்குவார்கள்.

இரண்டாம் உலகப்போரில் சாம்பல் நிறம் பூசி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 8 லட்சத்துக்கும் அதிகமான படைவீரர்களை ஏற்றி இறக்கினார்கள். போர் முடிந்து மறுபடி தீவுப் பயணம். சின்னச் சின்ன வேகப்படகுகள் வந்தபிறகு கட்டுப்படியாகாமல் 1975-இல் ஓட்டம் நின்றது. அதற்குள் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் போய்வந்திருந்தார்கள்!

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் பெயர் ஏறியது. சரி, இனிக் கப்பல் தப்பித்தது என்றுதானே யாரும் நினைப்போம்? அந்தப் பட்டியலில் இருந்தாலும், தனியார் சொத்தை உரிமையாளர் என்ன செய்தாலும் அது தடுக்காது, தானாகப் பணமும் வந்து சேராது. 1977-இல் ஏலத்துக்கு வந்தபோது ஒரு தொழிலதிபர் 70,000 டாலருக்கு எடுத்து மனைவிக்குக் காதலர் தினப் பரிசாகக் கொடுத்தார். நிறுத்திவைக்க நிலையான இடம் அமையாமல் அலைந்து, 1985-இல் எல்லை தாண்டி மெக்சிகோவின் என்செனாடா துறைமுகத்துக்குப் போனது. அங்கே கொஞ்ச காலம் உணவகம். 1997-இல் தண்ணீர் புகுந்து ஒருபக்கமாகச் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக பாதி மூழ்கிக் கிடந்ததை ஊரே பார்த்தது. மீட்க ஆர்வலர்கள் படாத பாடு பட்டார்கள். 2009-இல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் வேவர்லி கப்பலைப் பாருங்கள். அதையும் 1974-இல் கைகழுவினார்கள், ஆனால் ஒரே ஒரு பவுண்டுக்கு, துடுப்புச் சக்கரக் கப்பல்களைக் காப்பதற்கென்றே இருந்த சங்கத்திடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் காட்சிப்பொருளாகக் கட்டிப்போடாமல் அடுத்த வருஷமே கடலில் ஓட்டினார்கள். டிக்கெட் காசும் நன்கொடையும் லாட்டரி நிதியும் அதைத் தாங்குகின்றன. இன்றும் நீங்கள் ஏறி, நீராவி எஞ்சின் சுழல்வதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

கேட்டலினாவுக்கும் பட்டியலில் இடம் கொடுத்த அன்றே கட்டிநிறுத்த ஒரு துறையும், வருஷா வருஷம் பழுதுபார்க்கும் செலவுக்கு ஒரு பொறுப்பாளியும் உறுதி செய்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய மாநிலத்துக்கு அது முடியாத காரியம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.