பொறுப்பற்ற ஒரு ஜனாதிபதியைத் தடுக்க எவ்வளவு காலம் ஆகும்?

ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு வாதத்தைக் கேட்கிறேன். ஆள் கொஞ்சம் முரடர்தான், முன்பின் யோசிக்காமல் பேசுபவர்தான், ஆனால் தனி ஒருவரால் என்ன செய்துவிட முடியும், பாராளுமன்றம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, படித்த அதிகாரிகள் இருக்கிறார்கள், எல்லை மீறினால் அவர்கள் பிடித்து நிறுத்திவிடுவார்கள் என்பதே அந்த வாதம். இதைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறார்கள். நிறுத்துவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எப்போது நிறுத்துவார்கள் என்பது என் கேள்வி. ஒரு தவறான உத்தரவு பிறக்கும் நேரத்துக்கும் அதை யாராவது தடுத்து நிறுத்தும் நேரத்துக்கும் இடையில் கிடக்கும் காலத்தில்தான் மக்கள் தொழிலை இழக்கிறார்கள், பட்டினி கிடக்கிறார்கள், உயிரையும் இழக்கிறார்கள்.

இலங்கையில் நாம் கண்கூடாகக் கண்டதிலிருந்தே தொடங்குகிறேன். கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பரில் வெற்றி பெற்றபோது, சேதன விவசாயத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவது என்றுதான் அவருடைய கொள்கை அறிக்கை சொன்னது. பத்து ஆண்டுகள் என்பது ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் விவாதத்துக்கும் இடமளிக்கும் காலம். 2021 ஏப்ரலில் அந்தப் பத்து ஆண்டுகளும் ஒரே அறிவிப்புக்குள் அடங்கிப்போயின. மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இரசாயன உரங்களையும் பீடைகொல்லிகளையும் நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடை செய்தது. விளைச்சல் வீழும் என்றும், நாட்டுக்குத் தேவையான அளவு சேதன உரத்தை அவ்வளவு குறுகிய காலத்தில் உற்பத்தி செய்ய வழியே இல்லை என்றும் மண்ணியலாளர்களும் விவசாயப் பொருளியலாளர்களும் கணக்குக் காட்டி எச்சரித்தார்கள். பகிரங்கமாக விமர்சித்த ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். விவசாயிகள் வீதிக்கு இறங்கினார்கள். அப்போதும் முடிவு மாறவில்லை.

தடை நவம்பர் இறுதியில்தான் விலக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு மாதங்கள். ஓர் அரசாங்கத்தின் ஆயுளில் இது சிறிய காலமாகத் தெரியலாம், ஆனால் பயிருக்கு அப்படியல்ல. நெல்லுக்கு நைதரசன் தேவைப்படுவது அது தூர் கட்டும் நாட்களிலும் கதிர் உருவாகும் நாட்களிலும். அந்த நாட்கள் தப்பிவிட்டால் பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயனில்லை. 2021 பெரும்போகத்தில் விதைத்தவர்கள் உரமின்றியே விதைத்தார்கள், அறுவடை சரிந்தது, அரிசியில் ஏறத்தாழ தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி வாங்கக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. டொலரை மிச்சப்படுத்தும் எண்ணமும் அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது என்பதை நினைக்கும்போது வேதனை இன்னும் கூடுகிறது. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப்படும் என்று 2022 ஜனவரியில் அரசாங்கம் அறிவிக்க வேண்டியிருந்தது. தடை தவறான முடிவு என்று கோட்டாபயவே 2022 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பு வருவதற்கு முன்பே ஒரு போகம் முழுவதும் அழிந்துவிட்டிருந்தது.

வரி விடயத்திலும் நடந்தது இதுதான். பதவியேற்ற பத்து நாட்களுக்குள் 15 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரியை 8 வீதமாகக் குறைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. மாதச் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடிக்கப்பட்ட வரியும் நீக்கப்பட்டது. ஏற்கெனவே கடன் சுமந்துகொண்டிருந்த அரசின் வருமானம் சரிந்தது, பின்னர் வந்த பெருந்தொற்று அதை இன்னும் இறுக்கியது, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவையாக வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நாடு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. 8 ஆக்கப்பட்ட அதே வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. அவர் குறைத்துக் கொடுத்ததை விடக் கூடுதலாக, அவர் போன பிறகு, கடைக்குப் போகும் சாதாரண மக்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொருளாதார வீழ்ச்சிக்கு அவரும் அவருடைய சகோதரர்களும் சில உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்து பதினாறு மாதங்கள் ஆன பின்பே அது வந்தது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பொறுப்பற்ற தலைவர் என்றதும் மேசையில் குத்திக் கத்துபவரையே நாம் மனத்தில் காண்கிறோம். தென்னாபிரிக்காவின் தாபோ ம்பெக்கி அப்படிப்பட்டவர் அல்லர். நிதானமானவர், நிறைய வாசிப்பவர், நிறவெறி ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் வாழ்நாளைக் கழித்தவர். 1999இல் ஜனாதிபதியான அவர், எச்.ஐ.வி. கிருமியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று சந்தேகிக்கத் தொடங்கினார். அதை மறுப்பவர்களையும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். 2000 ஜூலையில் டர்பனில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தபோது, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தான் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு அறிவித்திருந்தார்கள். அதே மாநாட்டில், பிறப்பிலேயே அந்தக் கிருமியுடன் வந்த 11 வயது என்கோசி ஜோன்சன் மேடையேறி, கருவுற்ற தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று கேட்டான். அடுத்த ஆண்டு அவன் இறந்துபோனான்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதைப் பெருமளவு குறைக்கும் நெவிரப்பின் என்ற மருந்தை இலவசமாகத் தர அதை உற்பத்தி செய்த நிறுவனமே முன்வந்திருந்தது. அரசாங்கமோ அதை மாகாணத்துக்கு இரண்டு என்ற கணக்கில் சில பரிசோதனை நிலையங்களுக்குள் அடக்கி வைத்தது. சிகிச்சைக்காகப் போராடிய மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்து, 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றது. எல்லோருக்குமான சிகிச்சைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளிக்க 2003 நவம்பர் ஆனது. 2000 முதல் 2005 வரையான இந்தத் தாமதத்தால் 330,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்றும், 35,000 குழந்தைகள் தொற்றுடன் பிறந்தன என்றும் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். யாரும் சுடப்படவில்லை, அவசரகாலச் சட்டம் இல்லை, தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன, நீதிமன்றம் சுதந்திரமாக இயங்கியது. தனக்குத் தெரிந்ததே சரி என்ற ஒருவரின் நம்பிக்கையும், அவரைப் பகைத்துக்கொள்ள விரும்பாத அமைச்சர்களின் மௌனமும் போதுமானவையாக இருந்தன.

அமைச்சரவை தடுக்கும் என்று நம்புபவர்களுக்கு இதுவே என் பதில். தன்னை நியமித்தவரை, நாளையே நீக்கக்கூடியவரை, எந்த அமைச்சர் மறுத்துப் பேசுவார்? இலங்கையில் 2020 ஒக்டோபரில் நிறைவேறிய, அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் அமைச்சர்களை நியமிக்கவும் நீக்கவும் பிரதமரின் ஆலோசனை தேவையில்லை என்று ஆக்கியது. உயர் பதவிகளுக்கான நியமனங்களில் கடிவாளமாக இருந்த அரசியலமைப்புப் பேரவையை நீக்கிவிட்டு, கருத்து மட்டும் சொல்லக்கூடிய ஒரு பேரவையை வைத்தது. அதற்குக் கையுயர்த்தியவர்களே ஏழு மாதங்கள் கழித்து உரத் தடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஜனாதிபதி எதிலும் கையெழுத்திடாமலே கேடு விளைவிக்க முடியும் என்பதையும் நாம் அறிவோம். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் வெடிப்பதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், யாழ்ப்பாணத்து மக்களின் கருத்தைப் பற்றித் தனக்கு இப்போது கவலையில்லை என்று அப்போதைய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன ஒரு பிரித்தானியப் பத்திரிகைக்குச் சொன்னார். ஜூலை 24 இரவு தொடங்கிய கொலையும் தீவைப்பும் நாட்கணக்கில் நீடித்தன. 28ஆம் திகதிதான் அவர் நாட்டுக்கு உரையாற்றினார், அதிலும் பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. நாட்டின் தலைவர் வாய் திறக்காத அந்த நாட்களைக் கொலைகாரர்கள் அனுமதியாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதன் பின் வந்த போர் 2009 வரை நீண்டது. அந்தக் காலத்தை எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் மீட்க முடியாது.

தடுப்பு விரைவாக வேலை செய்த தருணங்களும் உண்டு, அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. தென்கொரிய ஜனாதிபதி யூன் சுக் யோல் 2024 டிசம்பர் 3ஆம் திகதி இரவு பத்தரை மணியளவில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். படையினர் பாராளுமன்றத்தைச் சூழ, உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே போனார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் அங்கிருந்த 190 பேரும் ஒருமித்து அதை நீக்குமாறு வாக்களித்தார்கள். விடிவதற்குள் சட்டம் விலக்கப்பட்டது. ஆறு மணித்தியாலங்கள். பாராளுமன்றப் பெரும்பான்மை கோரினால் ஜனாதிபதி இராணுவச் சட்டத்தை விலக்கியே ஆகவேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பில் எழுதியிருந்தது. ஆனாலும் எழுத்து மட்டும் போதவில்லை. 2025 ஏப்ரலில் அவரைப் பதவி நீக்கிய அரசியலமைப்பு நீதிமன்றமே, குடிமக்கள் எதிர்த்து நின்றதும் படையினர் முனைப்பின்றி நடந்துகொண்டதும் உதவின என்று சொன்னது. அந்தப் படையினர் உத்தரவை முழு வேகத்தில் நிறைவேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

நம்மிடமும் அத்தகைய ஒரு தருணம் இருந்தது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி வேறொருவரை அமர்த்தினார், நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். நான்கரை ஆண்டுகள் முடியும்வரை கலைக்க முடியாது என்று 2015இல் 19ஆவது திருத்தம் எழுதி வைத்திருந்ததால், உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அதைச் செல்லாது என்றார்கள். 2020இல் வந்த 20ஆவது திருத்தம் அந்த நான்கரை ஆண்டை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது.

எல்லா இடங்களிலும் இப்படி நேரம் கிடைக்கும் என்பதும் இல்லை. அணுவாயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிடும் அதிகாரம் அமெரிக்காவில் ஜனாதிபதி ஒருவரிடமே இருக்கிறது. பாதுகாப்புச் செயலாளருக்கும் அதை மறுக்கும் உரிமை இல்லை. 1974இல் நிக்சன் பதவி விலகும் நாட்களில் அவருடைய மனநிலையைக் கண்டு கலங்கிய பாதுகாப்புச் செயலாளர் ஜேம்ஸ் ஷ்லெசிங்கர், வழக்கத்துக்கு மாறான உத்தரவு வந்தால் முதலில் தன்னிடம் கேட்குமாறு தளபதிகளிடம் சொல்லி வைத்ததாகப் பின்னர் தெரியவந்தது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஏவிய ஏவுகணையைத் திரும்ப அழைக்கவும் வழியில்லை.

நெருக்கடியில் விரைந்து முடிவெடுக்கும் தலைவர் தேவையல்லவா என்று கேட்பார்கள். தேவைதான். வெள்ளத்திலும் தொற்றிலும் ஒருவர் உடனே உத்தரவிட வேண்டும், அந்த அதிகாரத்தை நான் மறுக்கவில்லை. உரத் தடைக்கு என்ன அவசரம் இருந்தது? வரிக் குறைப்பைப் பாராளுமன்றத்தில் ஒரு மாதம் விவாதித்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? திரும்பப் பெற முடியாத முடிவு எதுவோ அது மெதுவாகவே எடுக்கப்பட வேண்டும், எடுப்பவரை விடக் கூடுதலாக அறிந்தவர்களின் கருத்து எழுத்தில் பதிவாகி மக்கள் முன் வைக்கப்பட வேண்டும், மாற்றுக் கருத்துச் சொன்ன அதிகாரியைப் பழிவாங்க முடியாதபடி சட்டம் காக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் வந்த 21ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. அதை வரவேற்கிறேன், ஆனால் 1978இல் கட்டப்பட்ட நிறைவேற்று அதிகார ஜனாதிபதி ஆசனம் அப்படியே இருக்கிறது.

அதை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்க வாக்களித்தார், 2005இல் மஹிந்த ராஜபக்ஷ வாக்களித்தார், 2015இல் மைத்திரிபால சிறிசேன வாக்களித்தார், 2024இல் அநுர குமார திசாநாயக்கவின் கட்சி தன் கொள்கை அறிக்கையில் எழுதியது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். வேட்பாளர் பெயர்கள் வெளிவந்துவிட்டால் நாம் ஆட்களைப் பற்றித்தான் சண்டையிடுவோம், யார் நல்லவர், யார் திறமைசாலி என்று. எந்தப் பெயரும் முன்னால் இல்லாத இப்போதே, இந்த வாக்குறுதி எந்தத் திகதியில் சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்கு வரும் என்று உங்கள் மாவட்ட உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டு எழுதப் போகிறேன். பதில் வந்தால் அதை இங்கேயே பதிவிடுகிறேன்.