ஓரத்தில் ஒரு கட்டம் காலி

ஒரே நிறப் புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் கைபேசி விளையாட்டில் ஓடும் கடிகாரத்தைச் சேர்த்த புண்ணியவான் யாராக இருந்தாலும், நெரிசலான பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் அதை ஒரு முறையாவது ஆடிப் பார்த்திருக்க வேண்டும். விதிகள் மூன்றுதான்: ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள இரண்டு புள்ளிகளை இணைக்க வேண்டும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. முதல் இரண்டையும் நிறைவேற்றிவிட்டு மூன்றாவதில் மண்ணைக் கவ்வுவதே என் அன்றாட வாழ்க்கை.

"யோசிக்காம இழுங்க மாமா" என்கிறான் பத்து வயதான என் அக்கா மகன். என்னைக் கொதிக்க வைப்பது இந்த அறிவுரைதான். 30 நொடி ஆட்டத்தில் நேரம் கரைவது யோசிப்பதில் அன்று. யோசிக்காமல் இழுத்த கோட்டை அழித்து, அது மறித்து வைத்த மற்ற இரண்டையும் அழித்து, மீண்டும் முதலிலிருந்து இழுப்பதில்தான். பலகை தோன்றியதும் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நொடி வெறுமனே பார்ப்பவனே வேகமாக முடிக்கிறான். ஆனால் அந்த மூன்று நொடியில் எண்கள் சிவந்து துடிக்கும்போது எவனுக்குக் கை சும்மா இருக்கும்?

பார்க்க வேண்டியது எது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. காலியான மூலைக்கட்டத்துக்கு அண்டைக் கட்டங்கள் இரண்டே என்பதால், ஒன்றன் வழியாக நுழையும் கோடு மற்றொன்றன் வழியாக வெளியேறியே தீர வேண்டும். ஆகவே மூலையை ஒட்டிய கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தால், அதன் கோடு மூலையைச் சுற்றித்தான் போகும், அதில் விவாதத்துக்கே இடமில்லை. விளிம்பில் இருக்கும் இரு புள்ளிகளுக்கு நடுவே வேறு நிறம் குறுக்கிடவில்லை என்றால், பெரும்பாலும் விளிம்போடு இணைத்துவிடலாம். அது யாருடைய வழியையும் அடைக்காது. ஒரு கோடு விளிம்பிலிருந்து விளிம்புக்குப் போய்ப் பலகையை இரண்டாகப் பிளந்து, நீலப் புள்ளிகளில் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் தள்ளினால், அந்தக் கோடு தவறு என்று அப்போதே முடிவுகட்டலாம். இவ்வளவும் தெரிந்த நான் செய்வது என்ன? நடுவில் அருகருகே இருக்கும் இரண்டு சிவப்புப் புள்ளிகளைக் கண்டதும் ஆசையாக நேர்கோட்டில் இணைக்கிறேன். மிச்சக் கட்டங்களை நிரப்ப வளைந்து நெளிந்து ஊர் சுற்ற வேண்டிய கோடு, பல பலகைகளில் அதுவாகவே இருந்து தொலைக்கிறது.

இத்தகைய புதிரின் ஆரம்ப வடிவம் ஒன்றை அமெரிக்கப் புதிர் அமைப்பாளர் சாம் லாய்ட் 1897-இல் புரூக்ளின் டெய்லி ஈகிள் நாளிதழில் வெளியிட்டார். அதைப் பென்சிலால் தீர்த்தவர்களை எந்தக் கடிகாரமும் விரட்டவில்லை. பலகை பெரிதாகிக்கொண்டே போனால், எல்லாவற்றையும் விரைவாகத் தீர்த்துவிடும் பொதுவழி கணினிக்கே இதுவரை அறியப்படவில்லை; இது அத்தனை கடினமான கணக்கு வகை. என்னிடம் மட்டும் அரை நிமிடத்தில் கேட்கிறார்கள்!

இத்தனைக்கும் மேலாக விரல். பார்க்க வேண்டிய கட்டத்தை மறைப்பதும் அதுதான், பக்கத்துக் கோட்டின் மேல் அரை மில்லிமீட்டர் வழுக்கி, முடித்து வைத்த பச்சையைத் துண்டிப்பதும் அதுதான். தோற்றவுடன், 30 நொடி ஆட்டத்துக்கு 30 நொடி விளம்பரம் வேறு, தாண்ட முடியாதபடி.

நேற்று இரவு மூலைகளை முடித்து, விளிம்புகளை முடித்து, சிவப்பைக் கடைசிக்கு ஒதுக்கி, எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தேன். நான்கு நொடி மீதமிருக்க அத்தனை நிறங்களும் இணைந்தன. வெற்றி ஒலி வரவில்லை. வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டம். தோளுக்குப் பின்னால் நின்றிருந்தவன் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினான், கைபேசியைக் கொடுத்துவிட்டேன்.