ரோல்பேக் எல்லாப் பதிப்புக்கும் வரவில்லை

"டிராகன் பால் ஃபைட்டர்ஸீக்கு ரோல்பேக் வந்தாச்சு, எந்தப் பதிப்பை வாங்கினாலும் ஆன்லைன் நன்றாக ஓடும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஃபைட்டர்ஸீ ஒரு சண்டை வீடியோ கேம்; ரோல்பேக் என்பது ஆன்லைனில் மோதும்போது லைன் தாமதம் தெரியாமல் ஆட்டத்தை ஓட்டும் முறை. அவர் சொன்னது பாதி சரி. 2024 பிப்ரவரி கடைசியில் வந்த ரோல்பேக் கணினி, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் பதிப்புகளுக்கு மட்டும்தான். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் மூன்றிலும் இன்னும் பழைய முறையே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே பெங்களூரில் நேஷனல் மார்க்கெட் பக்கம் பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் தேடி அலையும் தம்பிகள் இதை நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது.

சரிபார்ப்பது எளிது. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆட்டத்தின் பக்கத்துக்குப் போய் 2024 பிப்ரவரி மாத அறிவிப்புகளைப் படியுங்கள். அப்புறம் ஆடியும் பார்க்கலாம். தூரத்து ஊரில் இருக்கும் ஒருவரோடு பிளேஸ்டேஷன் 4-இல் மோதுங்கள். லைன் மோசமானால் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் நாம் ஆட்டும் வீரன் கோகுவின் கால் எழும், ஏனென்றால் எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை ஆட்டம் காத்திருக்கிறது. ரோல்பேக்கில் நம் உதை உடனே விழும். எதிராளியின் அசைவை ஆட்டமே ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தப்பினால் அவர் சட்டென்று இடம் மாறித் தெரிவார், அவ்வளவுதான்.

ஒரே அறையில் இரண்டு கண்ட்ரோலரோடு ஆடுபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்கள் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கைத் தாராளமாக வாங்கலாம்.