மலாக்கா போர்த்துகீசியர்கள் யாருடைய மிச்சமும் இல்லை

ஆகஸ்ட் 24 நெருங்கினாலே மலாக்கா விழுந்ததைப் பற்றிய பதிவு ஒன்று இணையத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க், இன்றைய மலேசியாவில் இருக்கும் மலாக்காவைப் பிடித்த நாள். கீழே யாராவது ஒருவர் வந்து, “அவனுங்க வாரிசுங்கதானே உஜோங் பாசிர்ல உட்கார்ந்திருக்கானுங்க, லிஸ்பனுக்கே போகட்டும்” என்று எழுதிவிட்டுப் போவார். மலாக்காவின் போர்த்துகீசியக் கலப்பு வம்சத்தார் வாழும் கடலோரக் குடியிருப்புதான் உஜோங் பாசிர். இந்த முறை அப்படி எழுதியவர் ஒரு தமிழர். அதுதான் எனக்கு எரிச்சல். ‘பெண்டாத்தாங்’, அதாவது வந்தேறி, என்று வாங்கிக் கட்டிக்கொண்டே வளர்ந்த நாம், அதே சொல்லை இன்னொரு சின்னச் சமூகத்தின் மேல் எறிவதில் அப்படி என்ன சுகமோ தெரியவில்லை.

பூசி மெழுகாமல் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1511இல் நடந்தது படையெடுப்புதான். மலாக்காவை ஆண்ட சுல்தான் மஹ்மூத் ஷா ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் இடித்தெடுத்த கல்லும் சேர்ந்துதான் ஆ ஃபமோசா கோட்டை எழும்பியது. மலாய்க்காரர்களுக்கு மலாக்கா அவர்களுடைய அரசு பிறந்த இடம். அந்த வலி இன்னும் ஆறவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் நம் ஆட்களும் அதில் வருவார்கள். அல்புகெர்க்கின் கப்பல்களில் மலபார் வீரர்கள் சில நூறு பேர் வந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1509இல், செகேரா என்ற போர்த்துகீசியக் கப்பல் தலைவர் வந்தபோது பிடிபட்ட போர்த்துகீசியக் கைதிகளுக்கு மலாக்காவில் உதவி செய்தவர் ஓர் இந்து வணிகர். நினா சாத்து என்று போர்த்துகீசிய ஏடுகள் அவரைச் சொல்கின்றன. ஊர் விழுந்ததும் அவரைத்தான் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர் மாதிரியான பதவியில், ஆக்கினார்கள். 1514இல் அந்தப் பதவியைப் பிடுங்கி கம்பார் ராஜாவுக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் சிதை அடுக்கித் தீக்குள் இறங்கிவிட்டார். மலாக்காவின் காஜா பெராங்கில், பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளைப் பார்த்து ‘நம்ம ஆளுங்க’ என்று பூரித்துப் போகிறோமே, அந்தப் பூரிப்போடு இந்தக் கதையையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, உஜோங் பாசிரில் இருப்பவர்கள் யார்? போர்த்துகலிலிருந்து பெண்கள் கப்பலேறி வருவது அரிது. ஆகவே, உள்ளூர்ப் பெண்ணை மணந்து இங்கேயே தங்குகிற வீரனுக்குச் சலுகை என்பது அல்புகெர்க்கின் கொள்கை. அந்தப் பெண்கள் மலாய், ஜாவா, இந்தியா, சீனா என்று பல வழியில் வந்தவர்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அப்பன் வழியில் டி சில்வா, பெரைரா, சாந்தா மரியா என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. பாட்டிகளின் பெயரைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படியிருக்க, லிஸ்பனுக்குப் போ என்றால் உடம்பின் எந்தப் பாதி போகவேண்டும்?

1641 ஜனவரியில் டச்சுக்காரர்கள் ஜொகூரின் துணையோடு மலாக்காவைப் பிடித்தார்கள். பல மாத முற்றுகை. பசியும் நோயும் ஊரைப் பாதியாக்கிவிட்டன. பணமும் பதவியும் உள்ள போர்த்துகீசியர்களில் பலர் வெளியேறினார்கள், மக்காசார் வரை போனவர்களும் உண்டு. போக வழியில்லாதவர்கள்தான் தங்கினார்கள்: மீன் பிடிப்பவர்கள், கைத்தொழில் செய்பவர்கள், கலப்புப் பிள்ளைகள், விதவைகள். என்னைக் கேட்டால் இந்தச் சமூகத்தின் வரலாற்றை 1641இல்தான் தொடங்கவேண்டும். போர்த்துகல் ஆண்டது 130 வருடம். அதற்குப் பிறகு 380 வருடங்களுக்கு மேல் இவர்கள் பின்னால் எந்தப் பேரரசும் இல்லை. பாடநூல் மட்டும் அந்த 130ஐயே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

டச்சு ஆட்சி புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபை ஆட்சி. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. மலை மேல் இருந்த கத்தோலிக்கக் கோயிலை டச்சுக்காரர்கள் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டு புனித பவுல் கோயில் என்று பெயர் வைத்தார்கள். முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் வேலை செய்துவிட்டு 1545இல் மலாக்கா வந்த சவேரியார் பிரசங்கம் செய்த கோயில் அது. 1553இல் கோவாவுக்குக் கொண்டுபோவதற்கு முன் அவருடைய உடலைச் சில மாதம் அங்கேதான் வைத்திருந்தார்கள். கோயிலும் போனது, குருக்களும் இல்லை. அப்புறம் வீடுகளுக்குள்ளேயும் ஊருக்கு வெளியே காட்டிலும் மறைந்து மறைந்து ஜெபம் நடந்தது. ‘இர்மாங் டி கிரேசா’ என்ற பொதுநிலையினர் சகோதரக் குழு ஒன்று அவர்களிடம் இன்றும் இருக்கிறது. புனித வெள்ளியன்று பேதுரு ஆலயத்தில் இறந்த இயேசுவின் சுரூபத்தைத் தூக்கி ஊர்வலம் போவது அவர்கள் பொறுப்பு. சாமியார் இல்லாவிட்டாலும் சடங்கு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அந்த மக்களுக்கு எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கும்போது கெடுபிடி தளர்ந்தது. 1710இல் பேதுரு ஆலயம் எழும்பியது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கிற கத்தோலிக்கக் கோயில்களில் மிகப் பழையது அதுதான். உள்ளே தொங்கும் மணி 1608இல் கோவாவில் வார்த்தது. நிலம் கொடுத்தவர் ஒரு டச்சுக்காரர்!

டச்சுக்காரர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்தாங் (இந்தச் சமூகத்துக்கும் அவர்களுடைய போர்த்துகீசியக் கலப்பு மொழிக்கும் அதுதான் பெயர்) குடும்பப் பெயர்களை உட்கார்ந்து பட்டியல் போட்டால் டேங்கர், ஓவரீ, ஹென்ட்ரிக்ஸ் என்று டச்சுப் பெயர்களும் வரும். கோயிலைப் பிடுங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் குடும்பங்களிலேயே பெண் எடுத்து, கத்தோலிக்கராகி, கிறிஸ்தாங் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதிகாரம் கையில் இருந்த பக்கம் கரைந்தது, இல்லாத பக்கம் நிலைத்தது. இந்த நாட்டு வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஆங்கிலேயர் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலம் படித்த யுரேசியர்கள், அதாவது ஐரோப்பிய-ஆசியக் கலப்பினர், கிராணி (குமாஸ்தா) வேலைக்குப் போய் மேலே ஏறினார்கள். மீனவர்கள் பண்டா ஹிலிரிலும் தெங்கெராவிலும் குடிசையில் கிடந்தார்கள். இவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று முயற்சி எடுத்தவர்கள் இரண்டு சாமியார்கள்: பிரெஞ்சு மிஷனைச் சேர்ந்த பிரான்சுவா, போர்த்துகீசிய மிஷனைச் சேர்ந்த கொரோவாடு. இரண்டு மிஷனுக்கும் ஒத்துப்போகாத காலம் அது. இருந்தும் சேர்ந்தே அரசாங்கத்தைக் கேட்டார்கள். உஜோங் பாசிரில் ஏறத்தாழ 28 ஏக்கர் சேற்று நிலம் கிடைத்தது. 1930களில் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ‘பாத்ரி சா சாங்’, சாமியாரின் நிலம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். மலாக்காவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் போர்த்துகீசியச் சதுக்கத்தில் கறுப்புக் கையில்லாச் சட்டையும் சிவப்புப் பாவாடையுமாக ஆடுகிறவர்களைப் பார்த்து “ஐந்நூறு வருஷப் பாரம்பரியம்” என்று வீடியோ போடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு ஐந்நூறு வயதெல்லாம் இல்லை. 1952இல் போர்த்துகல் அமைச்சர் ஒருவர் வருகிறார் என்று, வசதியான யுரேசியக் குடும்பங்கள் போர்த்துகல் நாட்டுப்புற ஆட்டங்களைக் கற்று ஆடிக் காட்டியதில் தொடங்கியது அது. அவர்களுடைய பழைய ஆட்டம் பிராஞ்ஞோ. வயலினும் ரெபானா மேளமும் வைத்து மலாய் ஜோகெட் நடனத்துக்குப் பங்காளி மாதிரி இருக்கும். ஆனால் சுற்றுலாத் துறைக்கு ஐரோப்பா வேண்டும், ஆகவே பாவாடைதான் விளம்பரத்தில் வருகிறது. ஆடுகிற பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், அதில் நாலு காசு வருகிறது. ஆனால் ஒரு சமூகத்தை வருடம் முழுக்க ‘போர்த்துகீசியன்’ வேஷம் கட்ட வைத்துவிட்டு, அப்புறம் அந்நியன் என்று சொல்வது அழுகுணி ஆட்டம்.

1984இல் அமானா சஹாம் என்ற அரசு பங்கு நிதியில் முதலீடு செய்ய அரசாங்கம் இவர்களை அனுமதித்தது. பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மண்ணின் மைந்தர்கள் என்று சிறப்புரிமை பெற்ற மலாய்க்காரர் முதலானோருக்கு என்று இருந்த கதவு அது. அதற்காகப் பொறாமைப்படுகிற நம் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். உஜோங் பாசிரில் ஒரு மாலை சுற்றிவிட்டு வந்து பொறாமைப்படுங்கள் என்பேன். இரண்டு மூங்கிலைக் குறுக்காகக் கட்டி வலை மாட்டி, நெஞ்சளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டே நடந்து கெராகோ இறால் பிடிப்பது அவர்கள் தொழில். பெலாச்சான் என்ற இறால் விழுதுக்கும் சிஞ்சாலோக் என்ற புளித்த இறாலுக்கும் போகிற இறால். ‘கெராகோ’ என்பதையே அவர்களுக்குப் பட்டப்பெயராக வைத்துக் கிண்டல் செய்த ஊர் இது.

இப்போது அந்தத் தண்ணீரே தள்ளிப் போய்விட்டது. 1970களிலிருந்து மலாக்காக் கரையில் கடலைத் தூர்த்துக்கொண்டே வருகிறார்கள். 2014இல் மலாக்கா கேட்வே என்று பெரிய திட்டம் தொடங்கியது. செயற்கைத் தீவு, துறைமுகம், கப்பல் முனையம் எல்லாம் வரும் என்றார்கள். வேலை நகரவில்லை என்று 2020இல் மாநில அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது, பிறகு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். சேறு சேர்ந்துவிட்டது, இறால் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஜூன் 29 புனித பேதுரு திருநாளுக்குப் படகுகளை அலங்கரித்து மந்திரிப்பது இவர்களுடைய பெரிய விழா. நிகழ்ச்சிக்கு அதிகாரிகள் வருகிறார்கள், பேசுகிறார்கள், கடலைத் தூர்க்கும் கோப்பில் கையெழுத்தும் போடுகிறார்கள்.

மொழியும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. கிறிஸ்தாங் சரளமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். சிங்கப்பூரில் 2016இல் இளைஞர்கள் வகுப்பு தொடங்கினார்கள் என்பது நல்ல செய்தி. பேசுகிற தெரு இருப்பது மலாக்காவில், முறையான வகுப்பு சூடு பிடித்தது சிங்கப்பூரில். தமிழ்ப்பள்ளிக்காகத் தெருவில் நின்ற நமக்கு இதில் ஏதாவது உறைக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. 2008இல் யுனெஸ்கோ மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது காரணமாகச் சொன்னது பல இனக் கலப்பு. கூரை போன பவுல் கோயிலும் கோட்டை வாசலும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. சில கிலோமீட்டர் தள்ளி, அந்தக் கலப்பு இன்னும் சமைத்துச் சாப்பிட்டுச் சண்டை போட்டு வாழ்கிற உஜோங் பாசிர் குடியிருப்பு எல்லைக்கு வெளியே. அந்தப் பாரம்பரிய எல்லையை உஜோங் பாசிர் வரை நீட்டச் சொல்லியும், இனிமேல் கடலைத் தூர்ப்பதற்கு முன் அங்குள்ள மீனவர் சம்மதத்தைக் கட்டாயமாக்கச் சொல்லியும் யாராவது மனு தயாரித்தால் இங்கே இணைப்பைப் போடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். கப்பலேற்றி அனுப்பும் யோசனை உள்ளவர்கள் நினா சாத்துவை எந்தக் கப்பலில் ஏற்றுவது என்று சொல்லிவிட்டு வரட்டும்.