அடைக்கோழியைத் தண்ணியில முக்காதீங்க

நாலு நாளா எங்க கோழி கருப்பி கூட்டை விட்டு எறங்கல. கையை நீட்டினா ஒடம்பு மொத்தத்தையும் உப்பிக்கிட்டு ஒரு உறுமல், அடுத்தது கொத்து. அடியில முட்டைன்னு ஒண்ணுகூட இல்ல. கடைசியா போட்டது பதினாலாவது முட்டை, அதையும் போன வாரமே ஆம்லெட் போட்டாச்சு. இல்லாத முட்டையைப் பொறிக்க, வெறும் வைக்கோலை அணைச்சுக்கிட்டு அடைக்கு உக்காந்திருந்துச்சு.

“வாளியில தண்ணி மொண்டு நாலு முக்கு முக்கு, அடை தானா தெளிஞ்சிரும்” – இது எங்க அத்தை. பக்கத்து வீட்டுல வேற வைத்தியம்: கோழியோட எறகையே ஒண்ணு பிடுங்கி, மூக்குத் துவாரத்துல இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துரணுமாம். கேக்கும்போதே எனக்கு மூக்கு வலிச்சது.

முக்குற வேலையை நானும் ஒரு தடவை பண்ணியிருக்கேன். கார்த்திகை மழை நேரம். நனைஞ்ச கோழி ராத்திரி முழுக்க வெடவெடன்னு நடுங்கிட்டு, மறுநாளு சளி பிடிச்சு வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பிச்சிருச்சு. கொஞ்சம் தேறினதும் நேரா எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க? அதே மூலைக்கு.

அது வீம்பு பிடிச்சு உக்காரல. ஒடம்புக்குள்ள புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறிப்போச்சு, அதான் விஷயம். வயித்தடி எறகு உதிர்ந்து, வெறும் தோலு முட்டையில படுற மாதிரி ஆகிருது. இருட்டு மூலை, மெத்துன்னு வைக்கோல், அடிவயித்துக் கதகதப்பு எல்லாம் சேர்ந்து அதை அங்கேயே பிடிச்சு வைக்குது. இந்த மூணையும் எடுத்துட்டாப் போதும். தக்காளி வருமே பிளாஸ்டிக் ஓட்டைப் பெட்டி, அதுல ரெண்டு எடுத்தேன். ஒண்ணை ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சு, கோழியை உள்ள விட்டு, இன்னொண்ணை மேல கவுத்துக் கட்டிட்டேன். வைக்கோல் கிடையாது. வெளிச்சமும் காத்தும் வர்ற இடம், ஆனா நிழல். அடியில காத்து ஓடினாலே வயிறு குளுந்துரும். தீனியும் தண்ணியும் எப்பவும் போல. பட்டினி போடுறது வைத்தியமே இல்ல. மூணு நாள் கழிச்சுத் திறந்து விடணும். நேரா பழைய மூலைக்கு ஓடினா இன்னும் ரெண்டு நாள். தெளிஞ்சுட்டா ரெண்டு மூணு வாரத்துல மறுபடி முட்டைக்கு வந்துரும்.

இவ்வளவு சொல்றதால அடையே ஒரு நோய்னு நான் நினைக்கிறதா எடுத்துக்காதீங்க. என் சண்டையே அப்படி நினைக்கிறவங்களோடதான். “அடைக்கு உக்கார்ற கோழியா? வித்துட்டு நல்ல ரகமா வாங்குங்க”ன்னு ஒருத்தர் எனக்கு புத்தி சொன்னாரு. பண்ணையில இருக்கிற வெள்ளை லெகான் வருஷத்துக்கு 300 முட்டை வரைக்கும் போடும்னா, அடைக் குணத்தை அதுகிட்ட இருந்து தலைமுறை தலைமுறையா கழிச்சு எடுத்ததும் ஒரு காரணம். நம்ம நாட்டுக்கோழி பத்துப் பதினஞ்சு போட்டதும் உக்காந்துரும். முட்டைக் கணக்கு மட்டும் பாத்தா நட்டம்தான். ஆனா புத்தி சொன்ன அதே மனுஷன் வீட்டுல இன்குபேட்டர் ஓடுது, கரண்ட் போனா தூக்கம் போகுது. கருப்பிக்குக் கரண்ட் வேண்டாம். முட்டையை நேரத்துக்கு உருட்டி விடும், 21 நாள் சூடு குறையாம பாத்துக்கும். பொறிச்ச பெறகு குப்பையைக் கிளறச் சொல்லிக் குடுக்கும், பருந்து நிழல் விழுந்தா ஒரு குரல்ல அத்தனை குஞ்சையும் றெக்கைக்குள்ள இழுத்துக்கும். பல்பு வெளிச்சத்துல வளர்ற குஞ்சுக்கு இதை யாரு சொல்லிக் குடுப்பா?

நான் சொல்றது ஒண்ணுதான். ரெண்டு நாள்ல முடிவு பண்ணுங்க. முட்டை வைக்கிறதா இருந்தா வைங்க, இல்லையா தெளிய வைங்க. ரெண்டும் இல்லாம “கெடக்கட்டும்”னு விடுறோம் பாருங்க, அதுதான் பெரிய பாவம். ஒரு நாளைக்கு ஒரு தடவை எறங்கி, நாலு கொத்து கொத்திட்டு மறுபடி ஏறிரும். வாரக்கணக்குல இப்படிக் கெடந்தா நெஞ்செலும்பு கையில குத்தும், செள்ளுப் பூச்சி மொய்க்கும்.

வைக்கிறவங்க சேவல் மிதிச்ச முட்டையா, பத்து நாளுக்குள்ள போட்டதா பாத்து, ராத்திரியில வைங்க. ஒவ்வொரு முட்டையிலயும் கரிக்கோடு போட்டுருங்க, அப்பத்தான் பெறகு வந்து சேர்ற முட்டை எதுன்னு தெரியும். போன வருஷம் நான் போடல. வெடக்கோழி ஒண்ணு தினமும் போய் அதே கூட்டுல முட்டையிட்டிருக்கு. 21ஆம் நாள் ஆறு குஞ்சு பொறிச்சதும், தாய் அதுகளைக் கூட்டிக்கிட்டு எறங்கிப் போயிருச்சு. மிச்ச முட்டையை உடைச்சுப் பாத்தா பாதி வளந்த குஞ்சுங்க. அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு. (இடி இடிச்சா முட்டை கலங்காம இருக்கக் கரித்துண்டு, வரமிளகா, இரும்பாணி போடச் சொல்லுவாங்க அத்தை. நம்பிக்கை இல்லாட்டியும் ஆணியை நானே தேடிப் போட்டுருவேன். வீட்டுல நிம்மதி முக்கியம்.)

இது சித்திரை வெயிலு, இப்ப வச்சா நெறைய கூமுட்டையாத்தான் போகும். அதனால இந்தத் தடவை கருப்பிக்குத் தக்காளிப் பெட்டி, ஆடியில உக்காந்தா முட்டை. இன்னைக்கு ரெண்டாம் நாள். சாயங்காலம் போய்ப் பாத்தா முதுகெல்லாம் ஈரம். எனக்குத் தெரியாம அத்தை ஒரு செம்புத் தண்ணியைத் தெளிச்சுட்டுப் போயிருக்காங்க.