அரசியல் அறிவியல் படிக்காவிட்டால் ஐஏஎஸ் இல்லையா?

"பொலிட்டிக்கல் சயின்ஸ் பட்டம் இருந்தால்தான் ஐஏஎஸ் எழுதலாம், விருப்பப் பாடமாகவும் அப்போதுதான் கொடுப்பார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது.

ஐஏஎஸ்ஸுக்கான குடிமைப் பணித் தேர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு பட்டம் போதும். விருப்பப் பாடமும், அதாவது முதன்மைத் தேர்வில் நாமே தேர்ந்தெடுத்து எழுதும் பாடமும், அப்படித்தான். பொறியியல் படித்தவர் அரசியல் அறிவியலை எடுக்கலாம், அரசியல் அறிவியல் படித்தவர் தமிழ் இலக்கியம் எடுக்கலாம். விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். முதன்மைத் தேர்வும் நேர்காணலும் சேர்ந்த மொத்த மதிப்பெண்ணான 2025-இல் அது 500தான்.

சரி, அரசியல் அறிவியலில் பி.ஏ. படித்தால் லாபமே இல்லையா? உண்டு. பிளேட்டோ, மாக்கியவெல்லி, ஹாப்ஸ் போன்ற அரசியல் சிந்தனையாளர்கள், அர்த்தசாஸ்திரம், அம்பேத்கர் எல்லாம் அரசியல் அறிவியல் விருப்பப் பாடத்தின் முதல் தாளில் வருகிறவை. கல்லூரியிலேயே படித்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பொது அறிவுத் தாள்களில் அரசியலமைப்பும் கைகொடுக்கும். ஆனால் அதே தேர்வில் வரலாறு, புவியியல், பொருளாதாரம், சுற்றுச்சூழலும் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

ஹாப்ஸின் பெயரைக் கேட்டாலே கொட்டாவி வருகிறவர் ஐஏஎஸ்ஸுக்காக மட்டும் இந்தப் பட்டத்தில் சேர வேண்டாம், மூன்று வருஷம் ரொம்ப நீளமாகத் தெரியும்.