உதவி வரைகிற கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்

படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் செவ்வகக் கருவியை எடுத்து, மவுஸை அழுத்தி இழுங்கள். விரலை எடுக்காமல் திரையின் அடியைப் பாருங்கள். அகலமும் உயரமும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு வரி: கன்ட்ரோலை அழுத்தினால் சதுரமோ முழு எண் விகிதச் செவ்வகமோ வரும், ஷிப்டை அழுத்தினால் தொடங்கிய புள்ளியைச் சுற்றி விரியும். பேனா கருவிக்கு மாறினால் அந்த வரியும் மாறிவிடும். டிசைன் மென்பொருள்களுக்குள் நான் பார்த்த உதவிகளிலேயே உருப்படியானது இதுதான்.

வரைகிறவருக்குச் சந்தேகம் வருவதே வேலைக்கு நடுவில்தான், கோட்டைப் பாதி இழுத்த நிலையில். அப்போது போய் கையேட்டைத் திறந்து தேடு என்றால் கோடும் போகும், யோசனையும் போகும். வீடியோ இன்னும் மோசம். நமக்கு வேண்டிய ஒரே ஒரு விசை அதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஆனால் அந்த வரியை வைத்திருக்கும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய திரையின் அடி ஓரத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. கண்ணோ சுட்டியின் முனையில் இருக்கிறது. நாள் முழுக்க இதிலேயே வேலை செய்கிறவர்கள்கூட அதைக் கவனிப்பதில்லை.

அதற்காக முனைக்குப் பக்கத்திலேயே பெட்டி போட்டுக் காட்டு என்றும் கேட்க மாட்டேன். ஆப்பிள் 1991இல் மேக் கணினிக்கான இயங்குதளமான சிஸ்டம் 7இல் பலூன் ஹெல்ப் என்று ஒன்று கொண்டுவந்தது. அதை ஆன் செய்துவிட்டால், விளக்கம் உள்ள எதன்மேல் சுட்டி போனாலும் அந்த விளக்கத்தோடு பேச்சுக் குமிழி போல ஒரு பலூன் எழும்பி அக்கம்பக்கத்தை மறைக்கும். படம் வரைகிற இடத்தில் படத்தையே மறைத்தால் எப்படி? 2019இல் வந்த, முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2.80 இதைவிட நன்றாக யோசித்தது. அடிப்பட்டையில் மவுஸின் படத்தைப் போட்டு, இப்போது எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று காட்டுகிறது. ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும்.

அப்புறம் இங்க்ஸ்கேப்பின் பாடங்கள். இவற்றைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உதவி மெனுவில் இருக்கும் அந்தப் பாடங்கள் எல்லாமே எஸ்விஜி கோப்புகள், அதாவது இங்க்ஸ்கேப்பில் நாம் வரைந்து சேமிக்கும் அதே வகைப் படக் கோப்புகள். நாம் வரையும் அதே கித்தானில் திறக்கும். பாடத்தில் உள்ள செவ்வகத்தையே பிடித்து இழுக்கலாம், சுழற்றலாம், மூலையை வளைக்கலாம். கெடுத்துவிட்டாலும் ஒன்றுமில்லை, சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடி திறந்தால் பழையபடி இருக்கும்.

இத்தனை யோசித்தவர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். அடியில் கிடக்கும் அந்த உதவி வரியை மேலே, கருவிக்கான அளவுப் பெட்டிகள் இருக்கும் பட்டையின் கீழ் வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். புதிதாகக் கருவியை எடுக்கும்போது ஒரு நொடி நிறம் மாறட்டும், கண் தானாக அங்கே போகும்.